மூணாவது மாசம் கிட்டார் ஏன் பீரோ மேல ஏறுது?

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கிட்டார் வீட்டுக்கு வரும். சித்திரை, வைகாசி முழுக்க ஜி, சி, டி என்று சத்தம் கேட்கும். ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் அது உறையோடு பீரோ மேல் ஏறியிருக்கும். "தம்பிக்கு மொதல்ல இருந்த ஆர்வம் இப்ப இல்லீங்க" என்பார் அம்மா. தம்பியும் அதையேதான் நம்பிக்கொண்டிருப்பான். வேலைக்குப் போய்க்கொண்டே முப்பது வயதுக்கு மேல் தொடங்கியவர்களுக்கும் இதே கதைதான். என்ன, அவர்கள் "நேரமே இல்லைங்க" என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஆர்வம் அப்படிக் காரணமில்லாமல் வடிந்துவிடுவதில்லை. மூன்றாம் மாதம் வாக்கில் கை போய் முட்டிக்கொள்கிற இடங்கள் சில உண்டு. கிட்டாரே கோளாறாக இருக்கலாம், எஃப் கார்டாக இருக்கலாம் (கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற பிடி), தாளமாக இருக்கலாம், பயிற்சி செய்கிற முறையாக இருக்கலாம். எது என்று தெரியாதவரை 'நமக்கு இது வராது போல' என்றுதான் தோன்றும். தெரிந்துவிட்டால் அது வெறும் ரிப்பேர் வேலை. ஆகவே உற்சாகமூட்டும் வீடியோக்களைத் தேடுவதற்கு முன்னால் முப்பது நாற்பது ஏ4 தாளை எடுத்து வையுங்கள்.

முதல் சந்தேகம் கிட்டார் மேல்

ஆரம்பத்தில் வாங்குகிற 38, 39 இஞ்ச் கிட்டார்கள் பலவும் கம்பி உயரத்தைச் சரி செய்யாமலேயே கைக்கு வந்துவிடுகின்றன. இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். ஃபிரெட்டின், அதாவது நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின், உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. 12ஆம் ஃபிரெட்டில் அளக்க வேண்டும். இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக்கில் தடித்த ஆறாம் கம்பிக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஒன்றாம் கம்பிக்கு 2 மில்லிமீட்டருக்கு ஒட்டி இருந்தால் நல்லது. 3.5-ஐத் தாண்டினால் தேர்ந்த கையே அலுத்துப் போகும், புதுக் கை என்ன செய்யும்?

ஸ்கேல் வைத்து இதை அளப்பது சிரமம், ஏனென்றால் பல ஸ்கேல்களில் பூஜ்ஜியக் கோடு விளிம்பிலிருந்து தொடங்குவதில்லை. சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 25 தாளை அடுக்கி 12ஆம் ஃபிரெட்டின் மேல் ஆறாம் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நின்றால் சரி. அதற்கு மேல் இன்னும் பத்துத் தாள் தாராளமாகப் போகிறது என்றால் குறை உங்கள் விரலில் இல்லை.

உயரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கேப்போ போதும், ஆறு கம்பியையும் ஒருசேர அமுக்குகிற கிளிப் அது. அதை முதல் ஃபிரெட்டில் மாட்டிவிட்டு, தெரிந்த கார்டுகளைப் பிடியுங்கள். திடீரென்று எல்லாம் இலகுவாகிவிட்டதா? அப்படியானால் கோளாறு நட்டில், அதாவது தலைப்பக்கம் கம்பிகள் படிந்திருக்கும் அந்த வெள்ளைத் துண்டில். அதன் பள்ளங்கள் போதுமான ஆழம் வெட்டப்படவில்லை. இதை வீட்டில் அரத்தால் ராவ வேண்டாம். ஒரு இழுப்பு அதிகமானால் கம்பி ஃபிரெட்டில் அடித்து நறநறவென்று கத்தும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான். பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து, "முதல் ஃபிரெட்டில் ஆக்‌ஷன் இறக்கிக் குடுங்க" என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

கேப்போ மாட்டியும் மாற்றமில்லை, 12இல் மட்டும் உயரம் என்றால் சேடிலைப் பாருங்கள். அது பிரிட்ஜில் நிற்கும் சின்னப் பட்டை. கம்பிகளைத் தளர்த்தினால் பல கிட்டார்களில் கையோடு வந்துவிடும். அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்க்கலாம். கணக்கு இதுதான்: 12இல் அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, திரும்பவும் கொஞ்சம். மேல் வளைவை மட்டும் தொடாதீர்கள்.

ஆனால் சேடிலைத் தொடுவதற்கு முன் நெக்கின், அதாவது இடது கை பிடிக்கிற கழுத்தின், வளைவைப் பார்த்துவிட வேண்டும். ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 14ஆம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவதில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு மூன்று தாள் நுழையலாம். ஏழெட்டுத் தாள் போனால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. அதற்குள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்கிற உலோகக் கம்பியைத் திருக வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கை பழகாதவர்கள் இதையும் கடையிலேயே விட்டுவிடுவது மேல்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஆறு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கி டியூன் செய்துகொண்டு, முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு வாசியுங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது, நட்டின் உயரமும் கணக்கில் வராமல் போய்விடுகிறது, சுருதியோ பழையபடியே இருக்கிறது. அதோடு கம்பி செட்டை மாற்றும்போது 12க்குப் பதிலாக 10 கேஜ் கேளுங்கள். அந்த எண் ஒன்றாம் கம்பியின் தடிமன், இஞ்சில் 0.010 என்று பொருள். சத்தத்தில் கொஞ்சம் கனம் குறையும். விரல் பழகுகிற முதல் வருடத்தில் அது பெரிய நஷ்டமில்லை.

நம் ஊர்ச் சீதோஷ்ணமும் இதில் விளையாடும். மரத்துக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். மாசி, பங்குனியில் ஈரோடு, கரூர்ப் பக்கம் மதிய வேளையில் காற்று வறண்டு போகும். மரம் சுருங்க, ஃபிரெட்டுகளின் முனை நெக்கின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். அந்த மாதங்களில் உறைக்குள் ஈர ஸ்பாஞ்ச் வைத்த ஓட்டை போட்ட சோப்பு டப்பா ஒன்று இருக்கட்டும். தண்ணீர் சொட்டக் கூடாது, பிழிந்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் நேர்மாறு. பலகை ஊதி மேலே எழும்ப, ஆக்‌ஷன் தானாகவே கூடிவிடும். பங்குனியில் நன்றாக வந்த பார் கார்டு (ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிப்பது) ஐப்பசியில் வராமல் போனால் கையைத் திட்டாமல் தாளை நுழைத்து அளந்து பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசை இளகி பிரிட்ஜே கிளம்பிவிடும்.

வாசித்து முடித்ததும் கம்பிகளைக் காய்ந்த துணியால் துடைத்தால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். இதற்கென்று தனியாகத் துணி விற்கிறார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்கிற ஊரில் அதற்குப் பணம் கொடுப்பது அநியாயம்.

எஃப்

கிட்டாரில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் நிற்கிற மலை இது. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதில்தான் பாதிப் பிரச்சினை. உண்மையில் அமுக்க வேண்டியதில்லை. எஃப்பில் நடுவிரல் மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில், மோதிர விரல் ஐந்தாம் கம்பியின் மூன்றாவதில், சுண்டு விரல் நான்காம் கம்பியின் மூன்றாவதில். அந்த மூன்று கம்பிகளை அவை பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலின் பொறுப்பு ஆறாம், இரண்டாம், ஒன்றாம் கம்பிகள் மட்டும். நடுவில் விரல் தொய்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அடுத்தது விரலின் பக்கம். உள்ளங்கைப் பக்கத்துச் சதையால் அமுக்கினால் மூட்டு மடிப்புகளில் கம்பி புதைந்து 'டப்' என்று செத்த சத்தம் வரும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தை வையுங்கள். ஃபிரெட் உலோகத்துக்கு ஒட்டி வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் இரட்டை அழுத்தம் கேட்கும். இரண்டாம் கம்பி மட்டும் பேசவில்லை என்றால், விரலை இரண்டு மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், மடிப்பு கம்பியை விட்டு விலகிவிடும். அழுத்தம் கட்டைவிரலில் இருந்து மட்டும் வரக்கூடாது. இடது முழங்கையை விலாவை நோக்கிக் கொஞ்சம் இழுத்தால் கையின் கனமே நெக்கைப் பின்னோக்கி இழுக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கார்டைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு விநாடியாவது சத்தம் நின்றால் முழங்கை வேலை செய்கிறது.

இன்னொன்று, முதல் ஃபிரெட்தான் கிட்டாரிலேயே பார் பிடிக்கக் கடினமான இடம். நட் பக்கத்திலேயே இருப்பதால் கம்பி வளைய மறுக்கிறது. அதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பிடியுங்கள். அது ஏ மேஜர். அங்கே ஆறு கம்பியும் தெளிவாக வந்ததும் நான்கு, மூன்று என்று வாரம் ஒரு ஃபிரெட்டாக இறங்கி வரலாம். நேராக முதல் ஃபிரெட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

அதுவரை பாட்டு நிற்க வேண்டியதில்லை. எஃப் மேஜர் 7 போதும். சி கார்டில் இருந்து ஆள்காட்டி விரலை அசைக்காமல், நடுவிரலையும் மோதிர விரலையும் ஒவ்வொரு கம்பி கீழே, அதாவது மெல்லிய கம்பிகள் பக்கம், இறக்கினால் அதுதான். கீழ் நான்கு கம்பிகளை மட்டும் அடியுங்கள். அது பழகியதும் ஆள்காட்டி விரலைச் சாய்த்து ஒன்றாம் கம்பியையும் சேர்த்து அமுக்கினால் சின்ன எஃப். அதற்கும் மனசில்லையா, சி, ஏ மைனர், எஃப், ஜி என்று வரும் பாட்டை, ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி, ஈ மைனர், சி, டி என்று வாசியுங்கள். சுருதி அதேதான். சிலர் இதை ஏமாற்று வேலை என்பார்கள். ஏமாற்று வேலைதான். ஆனால் பாட்டு நின்றுபோனால் கிட்டாரும் நின்றுபோகும்.

தகிட

இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூடியூபில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கிற ஸ்ட்ரம்மிங், அதாவது வலது கை கம்பிகளை அடிக்கிற வரிசை, 'கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்'. அது நான்கு அட்சரத்துக்கு, தகதிமிக்கு, வெட்டிய சட்டை. ஆனால் நாம் ஆசைப்பட்டு எடுக்கிற தமிழ்ப் பாட்டுகளில் ஏராளமானவை திஸ்ர நடை. தகிட தகிட என்று மும்மூன்றாக ஓடும், மேற்கத்தியக் கணக்கில் 6/8. ஊரில் கும்மிக்குக் கை தட்டுகிற நடையும் பெரும்பாலும் அதுதான். காது அதைச் சின்ன வயதிலிருந்தே அறியும், கை மட்டும் நான்கைப் போட்டுக்கொண்டிருக்கும். பாட்டோடு சேரவே சேராது. 'எனக்குத் தாள ஞானம் இல்லை' என்று முடிவு கட்டுவதும் இங்கேதான்.

பாட்டை ஓடவிட்டு முதலில் தொடையில் தட்டிப் பாருங்கள். தகதிமி என்று சொன்னால் பொருந்துகிறதா, தகிட தகிட என்றா? தகிட என்றால் கிட்டாரில் இப்படி: 'த' கீழ், 'கி' மேல், 'ட' கீழ், மறுபடியும் 'த' கீழ், 'கி' மேல், 'ட' கீழ். அழுத்தம் இரண்டு 'த'விலும் விழ வேண்டும். 'ட'வும் அடுத்த 'த'வும் அடுத்தடுத்துக் கீழடியாக வருவதால் கை சட்டென்று மேலே திரும்ப வேண்டியிருக்கும், அங்கேதான் தடுக்கும். அதனால் மெதுவான பாட்டுக்கு ஆறையும் கீழடியாகவே போட்டுப் பழகிவிட்டு, பிறகு இதற்கு வாருங்கள். கம்பிகளை இடது கையால் மூடி, சத்தம் வராமல் 'சக் சக்' என்று வலது கையை மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டினால் விஷயம் பாதி முடிந்தது. கம்பியை அடிக்கிற பிளாஸ்டிக் துண்டு, அதாவது பிக், மெல்லிசாக இருக்கட்டும், 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர். தடித்த பிக் கம்பியில் மாட்டிக்கொண்டு கையின் ஓட்டத்தைக் கெடுக்கும்.

இரண்டு நடைக்கும் பொதுவான ஒரு விதி: இடது கை கார்டுக்குப் போய்ச் சேராவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது. கார்டு மாறுவதற்கு முந்தின கடைசி அடியை வெறும் கம்பிகளில் போட்டுவிட்டு, அந்த இடைவெளியில் இடது கை மாறிக்கொள்ளலாம். மேடையில் வாசிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், நம் காதில் விழுவதில்லை. கார்டைச் சரியாக வைத்த பிறகுதான் அடிப்பேன் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தால், நிறுத்துவதே பழக்கமாகிவிடும்.

இருபது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட தினம் இருபது நிமிடம் உட்காருவது விரலுக்கு நல்லது. விரல் நுனி தடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆறு நாள் இடைவெளி விட்டு ஒரே நாளில் தேய்த்தால் தோல் தடிப்பதற்குப் பதில் கொப்புளிக்கும். பாத்திரம் கழுவிய கையோடு, குளித்து வந்த சூட்டோடு வாசிக்காதீர்கள். ஊறிய தோலைக் கம்பி அறுத்துவிடும். நுனி எரிவது சகஜம். மணிக்கட்டில் வலி, விரல் மரத்துப்போவது, குறுகுறுப்பு இவை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மணிக்கட்டை அதிகமாக மடிக்கிறீர்களா, கட்டைவிரலால் நெக்கை நசுக்குகிறீர்களா என்று பார்த்துச் சரி செய்யுங்கள். தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

அந்த இருபதில் முதல் இரண்டு நிமிடம் டியூனிங். அடுத்த ஐந்து நிமிடம் கார்டு மாற்றம், அதுவும் இரண்டே கார்டு. ஃபோனில் ஒரு நிமிடம் வைத்து எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். பாட்டுக்கு 30 இருந்தால் சமாளிக்கலாம், 60 வந்தால் அந்த ஜோடியை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மாறும்போது எந்த விரல் அசைய வேண்டாம் என்று பாருங்கள். ஏ மைனரில் இருந்து சி போக மோதிர விரல் ஒன்று மட்டும் எழுந்தால் போதும், ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் மூன்றையும் தூக்கிவிடுவார்கள். ஜி-யில் மோதிர விரலை இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வைத்துக்கொண்டால், டி-க்குப் போகும்போது அது அங்கேயே இருக்கலாம்.

மீதி நேரம் பாட்டுக்கு. பாட்டு முழுவதையும் அல்ல, சிக்குகிற அந்த இரண்டு வரியை. "என்ன கண்ணு, அதே அடியவே தேச்சுக்கிட்டிருக்கற?" என்று அப்பாரு கேட்டால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று அர்த்தம். தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தொடர்ந்து நான்கு முறை தப்பில்லாமல் வந்தால் 5 கூட்டுங்கள். சிதறினால் 10 குறையுங்கள். கடைசி மூன்று நான்கு நிமிடம் நன்றாகத் தெரிந்த பாட்டை வாசித்து முடித்துவிடுங்கள். எஃப்போடு மல்லுக்கட்டிவிட்டு அந்த எரிச்சலோடு கிட்டாரை வைத்தால், மறுநாள் அதை எடுக்கவே கை போகாது.

இன்னொரு சின்னக் காரியம்: உறையைக் கழற்றி ஹாலில், வெயில் படாத சுவர் ஓரம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜிப்பைத் திறக்கிற அரை நிமிடம்தான் பல நாள் பயிற்சியைக் கொன்றிருக்கிறது. ராத்திரியில் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்றால் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகினால் சத்தம் அடங்கும்.

முன்னேறுவது தினம் தினம் தெரியாது, அது காதின் குறை. வாரம் ஒரு முறை, ஒரே பாட்டின் ஒரே அரை நிமிடத்தை, ஃபோனை மூன்றடி தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். அப்போதே கேட்காதீர்கள்; தப்புதான் காதில் விழும். நான்கு வாரம் கழித்து முதலாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இதையெல்லாம்விட ஆளை இழுத்துப் பிடிப்பது கூட ஒருவர் பாடுவது. நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிற அளவுக்குப் போக வேண்டாம், அக்காவோ சித்தப்பாவோ பாடினால் போதும். அவர்கள் குரலுக்குச் சுருதி எட்டவில்லை என்றால் கேப்போவை ஒவ்வொரு ஃபிரெட்டாக நகர்த்திப் பாருங்கள். ஆண் பாடின பாட்டைப் பெண் எடுத்தால் நான்கைந்து ஃபிரெட் மாறுவது சகஜம். பாடுகிறவர் நமக்காக நிற்க மாட்டார், வலது கையை நிறுத்தாத விதி தானாகப் படிந்துவிடும்.

கோவையில் பலர் லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற கிரேடு பரீட்சைக்குச் சேர்கிறார்கள். இனிஷியல், பிறகு 1 முதல் 8 வரை. நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். தேதி குறித்தால்தான் வேலை நடக்கும் என்கிற சுபாவக்காரர்களுக்கு இது நல்ல கடிவாளம். சேருமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கிளாசிக்கல் என்றால் நைலான் கம்பி, அகலமான நெக், நொட்டேஷன் வாசிப்பு, ராக் அண்ட் பாப் என்றால் பேக்கிங் டிராக்கோடு மூன்று பாட்டு. சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்பட்ட பிள்ளையை முதல் வகையில் சேர்த்துவிட்டு, வருடம் முழுக்க மூன்றே உருப்படியைத் தேய்க்க வைத்தால், சர்டிஃபிகேட் வரும், கிட்டார் பீரோ மேல் போகும்.

ஏற்கெனவே போய்விட்டதா? இறக்கி, முதலில் கம்பி செட்டை மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். மாதக்கணக்கில் கிடந்த கம்பி துரு ஏறி விரலை அறுப்பதோடு, டியூனிங்கிலும் நிற்காது. புதுக் கம்பி முதல் இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்தால் சீக்கிரம் படியும். முதல் மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், விரல் நுனி மறுபடியும் பச்சையாகத்தான் இருக்கும். எஃப் இல்லாத பாட்டாக எடுங்கள். பார் கார்டை இரண்டாவது வாரத்தில், ஐந்தாம் ஃபிரெட்டில் தொடங்கலாம்.